பிறர் கவனக்குறைவால் செல்லப்பிராணி இறந்தால்: இந்தியச் சட்டத்தில் உள்ள வழிகள்

முதல் வேலை, உடலைப் புதைக்காமலும் எரிக்காமலும் இருப்பது. துக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் முதலில் சொல்லியாக வேண்டும். சாவுக்கு எது காரணம் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ‘ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கும்’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால், உடற்கூறாய்வு அறிக்கை இல்லாத நிலையில் அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

உடலைக் குளிப்பாட்ட வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், அதாவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக் குளிரில், வையுங்கள். ஃப்ரீசர் கூடாது. உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் திசுக்களைக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கிறவருக்கு எது நோய், எது உறைந்ததன் சேதம் என்று பிரிப்பது கடினம். பெரிய நாயாக இருந்தால் ஐஸ் கட்டிகளை உறைகளில் கட்டி வயிற்றைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வயிறுதான் முதலில் கெடும். காலில் செருகிய ஊசிக்குழாய், தையல், கட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும். 24 மணி நேரத்துக்குள் ஆய்வு நடந்துவிட்டால் நல்லது. கோடை வெயிலில் அதற்கும் முன்பே.

யாரைக் குற்றம் சொல்கிறீர்களோ அவர்களிடமே ஆய்வைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் நோய்க்குறியியல் துறை இருக்கிறது: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு. எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள். அதில், ‘மருத்துவ அலட்சியம் பற்றிப் புகார் இருக்கிறது, புகைப்படங்களுடன் முழு அறிக்கை வேண்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். திசு ஆய்வுக்கான மாதிரிகள் ஃபார்மலினில் போகும். நச்சு ஆய்வுக்கான இரைப்பை உள்ளடக்கம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஃபார்மலின் படாமல் தனிக் குப்பிகளில் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டால் நச்சு ஆய்வு வீண். விஷம் என்று சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். தடய அறிவியல் ஆய்வகத்துக்கு மாதிரிகள் காவல்துறை வழியாகவோ நீதிமன்ற உத்தரவின் பேரிலோ போனால்தான், அவை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்ற கேள்வி பிறகு எழாது.

அதே நாளில் இன்னும் சில காரியங்கள் இருக்கின்றன. க்ளினிக்கிலோ பிராணிகளைத் தங்கவைக்கும் விடுதியிலோ கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். வாயால் கேட்டதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே நுகர்வோர் ஆணையத்தின் முன் உங்களுக்கு உதவும். சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலேயே தானாக அழிந்து, மேல்பதிவாகிவிடும். ஆகவே எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, அழிக்காமல் வைக்கும்படி உடனே கடிதம் கொடுங்கள். பதிவை வாங்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்து வாங்கினால்தான் அது நீதிமன்றத்தில் சிக்கலின்றி ஏறும். வாட்ஸ்அப் உரையாடலை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள்.

பிராணி உங்களுடையது என்பதற்கும் ஆதாரம் வேண்டும்: மாநகராட்சி உரிமம், உங்கள் பெயரிலுள்ள தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண், வாங்கிய ரசீது, பழைய சிகிச்சை ரசீதுகள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு வாங்கிய ரசீது இருக்காது. பரவாயில்லை, தடுப்பூசி அட்டையும் தொடர்ச்சியான மருத்துவ ரசீதுகளும் போதும்.

காவல் நிலையத்தில் எவ்வளவு கிடைக்கும்

சட்டத்தின் பார்வையில் செல்லப்பிராணி உங்கள் அசையும் சொத்து. 2014-இல் நாகராஜா வழக்கில் (ஜல்லிக்கட்டு வழக்கு) உச்ச நீதிமன்றம் விலங்குகளின் கண்ணியம் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது. இழப்பீட்டு வாதத்தில் அதை எடுத்துக்காட்டலாம். ஆனால் வழக்கின் அடித்தளம் இன்னும் சொத்துச் சேதம்தான். இதைக் கேட்கும்போது நெஞ்சு வலிக்கும். ஆயினும் உங்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை வருவதே இந்த வழியாகத்தான்.

பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவு (பழைய இ.பி.கோ. 428, 429) விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. ஆனால் அது ‘சேதம் விளைவித்தல்’ என்ற குற்றத்தின் ஒரு வகை. நஷ்டம் விளைவிக்கும் நோக்கமோ, நஷ்டம் நேரக்கூடும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். வெறும் கவனக்குறைவு அதற்குள் வராது. பக்கத்து வீட்டு நாய் தினமும் வரும் இடம் என்று தெரிந்தே விஷம் தடவிய இறைச்சியைப் போட்டவர் இதில் மாட்டுவார். கதவைத் தாழிட மறந்த விடுதி ஊழியர் மாட்டமாட்டார்.

வாகன விபத்திலும் இதே கதைதான். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதற்கான 281-ஆவது பிரிவு (பழைய 279) மனித உயிருக்கு வரும் ஆபத்தைப் பற்றியது. நாய் அடிபட்டு இறந்த வழக்குகளில் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தன. பம்பாய் நீதிமன்றம் தவறாக வழக்குப் பதிந்ததற்காக அரசுக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. ஆகவே காவல் அதிகாரி தயங்கினால் அவர் உங்களை அலைக்கழிக்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விடுதி வழக்குகளில் ஓரளவு உதவும். அதில் ‘உரிமையாளர்’ என்றால் அந்த நேரத்தில் விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் சேர்த்தி. போதிய உணவு, நீர், இடம் கொடுக்காமல் விட்டது 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், இன்றைக்கும் அவ்வளவுதான். வழக்குத் தொடர மூன்று மாதம் மட்டுமே அவகாசம் (36-ஆவது பிரிவு). இந்தக் குற்றத்தில் காவல்துறை மாஜிஸ்திரேட் அனுமதியின்றி நேராகப் புலனாய்வு செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். தண்டனை கிடைக்கும் என்பதற்காக இல்லை. இந்தத் தேதியில் இந்தச் சம்பவம் நடந்தது என்பதற்கு ஓர் அரசுப் பதிவு வேண்டும் என்பதற்காக. எஃப்ஐஆர் போடாவிட்டாலும், புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். விஷம், அடித்துக் கொன்றது போன்ற உண்மையான 325 வழக்கில் எஃப்ஐஆர் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

பணம் கொடுத்த இடத்தில் நடந்திருந்தால்: நுகர்வோர் ஆணையம்

கவனக்குறைவுக்கு இருப்பதிலேயே வலுவான வழி இதுதான். தனியார் கால்நடை மருத்துவமனை, விடுதி, குளிப்பாட்டி முடி வெட்டும் நிலையம், நடை கூட்டிப்போகும் ஆள், பிராணியை ஏற்றிச் செல்லும் வண்டிச் சேவை, நோயுற்ற குட்டியை விற்ற கடை என்று பணம் வாங்கிக்கொண்டு செய்த எந்த வேலையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். சேவைக் குறைபாடு என்பதில் அலட்சியமும் செய்யத் தவறியதும் அடங்கும் என்று 2(11)-ஆவது பிரிவே சொல்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசுக் கால்நடை மருந்தகம் மட்டும் இதில் வராது. அங்கே நடந்தது என்றால் துறை மேலதிகாரியிடம் புகார், பிறகு உரிமையியல் வழக்கு. அந்த வழக்குக்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

நுகர்வோர் புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்; விடுதி வேறு ஊரில் இருந்தாலும் அங்கே ஓட வேண்டியதில்லை. எந்த ஆணையம் என்பது நீங்கள் செலுத்திய கட்டணத்தை வைத்து முடிவாகும், கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஆகவே 15,000 ரூபாய்க்கு நடந்த அறுவை சிகிச்சைக்கு எத்தனை லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை.

முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், எதிர்த்தரப்பு எழுதும் பதிலில் அவர்கள் கதை என்ன என்பது தெரிந்துவிடும். பிறகு அதை மாற்ற முடியாது. நடந்தவற்றைத் தேதி, மணியோடு எழுதி, என்ன செய்யத் தவறினார்கள் என்று சொல்லி, கேட்கும் தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகை வரும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கோபச் சொற்கள் வேண்டாம். ‘கொலைகாரர்கள்’ என்று எழுதிய நோட்டீஸை எதிர்த்தரப்பு வக்கீல் ஆணையத்தில் உரக்க வாசிப்பார்.

புகாரில் சிகிச்சை செய்த மருத்துவர், க்ளினிக்கின் சட்டபூர்வ உரிமையாளர் என இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் பல நேரம் சட்டப்படியான பெயராக இருக்காது. ரசீதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை வைத்து உரிமையாளர் பெயரைத் தேடிக்கொள்ளுங்கள். நாள்வாரியான சம்பவ விவரம், ஆவணங்களின் எண்ணிட்ட பட்டியல், ஒவ்வொரு தொகைக்கும் கணக்கு, பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். 45 நாளைத் தாண்டி ஏற்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46-ஆம் நாள் பதில் வந்தால் அதை ஏற்கக் கூடாதென எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதிகம் ஆகும். மனத்தளவில் அதற்குத் தயாராக இருங்கள்.

மருத்துவ அலட்சியத்தை நிரூபிப்பது

பிராணி இறந்தது என்பது அலட்சியத்துக்கு ஆதாரமாகாது. அதே நிலைமையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்யாத ஒன்றை இவர் செய்தாரா, அல்லது செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டாரா, அதோடு, சாவு அதனால்தான் வந்ததா என்பதையும் காட்ட வேண்டும். ஜேக்கப் மாத்யூ வழக்கில் (2005) மனித மருத்துவர்களுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த அளவுகோலைத்தான் இங்கும் எடுத்து வைப்பார்கள். இரண்டு முறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுத்தார், அது பலிக்கவில்லை என்றால் வழக்கு நிற்காது.

நிற்கக்கூடியவை வேறு மாதிரியானவை. பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தது: பூனையின் கல்லீரலால் அதைச் சரிவரச் சிதைக்க முடியாது, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டது. கோலி இனத்து நாய் என்று தெரிந்தும் அதிக அளவு ஐவர்மெக்டின் கொடுத்தது. உடல் எடை பார்க்காமல் மயக்க மருந்து ஏற்றியது. மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் யாரும் இல்லாமல் விட்டது. பக், புல்டாக் போன்ற தட்டை முக நாயை அடைத்த வண்டியில் வெயிலில் நிறுத்தியது. பார்வோ நோயுள்ள குட்டி இருந்த கூண்டைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த குட்டியை அடைத்தது. இதில் உங்கள் குட்டியின் தடுப்பூசி அட்டை சரியாக இருந்ததா என்ற கேள்வி உடனே வரும்.

நிபுணர் கருத்து தேவைப்படும் வழக்குகளில் இன்னொரு கால்நடை மருத்துவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். சக மருத்துவருக்கு எதிராகக் கையெழுத்திட உள்ளூரில் பலர் தயங்குவார்கள். வேறு ஊர்ப் பேராசிரியரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஆவணங்களை நிபுணர் கருத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு போடுங்கள். தவறு வெளிப்படையாகத் தெரியும்போது நிபுணர் கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

‘உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்க வேண்டாம். அந்தக் கையெழுத்து, சிகிச்சையில் இயல்பாக இருக்கும் ஆபத்தை ஏற்றதற்கு. கவனமின்மையை ஏற்றதற்கு இல்லை.

விடுதி வழக்கில் உங்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 151-ஆவது பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளை அதை வாங்கியவர் தன் பொருளைப் போலக் காக்க வேண்டும். நல்ல நிலையில் ஒப்படைத்தீர்கள், உயிரில்லாமல் திரும்பியது என்று நீங்கள் காட்டிவிட்டால், கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டியது அவர்கள். அதனால் விடும்போதே தேதி தெரியும் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

வாகனம் மோதினால்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்படி, சொத்துச் சேதம் அடைந்த உரிமையாளரும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். ஓட்டுநர், வாகன உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் சேருங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு சொத்துச் சேதத்தையும் ஏற்கும். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாத கால வரம்பு இருக்கிறது. வண்டி எண், நேரில் பார்த்த இருவரின் பெயர், சாலையின் புகைப்படம், தடம் பதிந்த இடம் ஆகியவை அன்றே வேண்டும். மோதிவிட்டு ஓடிய வண்டிக்கான அரசு நிவாரணத் திட்டம் மனிதர்களுக்கு மட்டுமே. நாய் கயிறில்லாமல் சாலையில் ஓடியிருந்தால் உங்கள் பங்குக் கவனக்குறைவு என்று தொகை குறையும். வண்டியோட்டி விழுந்து அடிபட்டிருந்தால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடவும் கூடும். இதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

பக்கத்து வீட்டு நாய், அறுந்த மின்கம்பி

மற்றொருவரின் நாய் கடித்துக் கொன்றிருந்தால் நுகர்வோர் ஆணையம் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் வழக்கு. அந்த நாய் முன்பே கடித்திருக்கிறது, அது உரிமையாளருக்குத் தெரியும் என்று காட்டும் பழைய புகார், குடியிருப்போர் சங்கக் கடிதம், குழுச் செய்தி எதுவும் பெரிய பலம். நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவு மனிதருக்கு வரும் ஆபத்துக்கானது. அந்த நாய் குழந்தைகள் மேலும் பாய்ந்திருந்தால் தனிப் புகாராகக் கொடுக்கலாம்.

மின்கம்பியோ தெருவிளக்குக் கம்பமோ தாக்கி இறந்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 161-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். அது மனித உயிரோடு விலங்கு உயிரையும் சேர்த்துச் சொல்கிறது. மின் ஆய்வாளருக்கும் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவித்து விசாரணை கேளுங்கள். கம்பியைச் சரி செய்வதற்கு முன் புகைப்படம் எடுங்கள், தூர நின்று.

கால்நடை மருத்துவ மன்றம்

மருத்துவர் தவறு செய்தார் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்திலும் புகார் கொடுக்கலாம். அங்கே பணம் கிடைக்காது. தொழில் ஒழுங்கு நடவடிக்கை மட்டும். முதலில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 30-ஆவது பிரிவின்படி பதிவில்லாதவர் சிகிச்சை செய்யவே கூடாது. மருந்துக்கடைக்காரரோ குளிப்பாட்டும் நிலைய ஊழியரோ ஊசி போட்டிருந்தால் உங்கள் நுகர்வோர் வழக்கு பாதி வென்ற மாதிரி.

எவ்வளவு கேட்பது

வாங்கிய விலை அல்லது அதே இனம், வயதுடைய பிராணியின் சந்தை விலை; கடைசிச் சிகிச்சைச் செலவு; அலட்சியமாகச் செய்த சேவைக்குக் கொடுத்த கட்டணம்; உடற்கூறாய்வு, அடக்கச் செலவு; மன உளைச்சல்; வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு ஆணையங்கள் தொகை வழங்குகின்றன, நாட்டு நாய்க்குச் சந்தை விலை இல்லாதபோது பெரும்பங்கு இந்தத் தலைப்பில்தான் வரும். எத்தனை ஆண்டு வளர்த்தீர்கள், வீட்டில் யார் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள், சிகிச்சை எடுத்திருந்தால் அதன் ரசீது என்று விவரமாக எழுதுங்கள். ஆதாரமில்லாமல் பெருந்தொகை கேட்டால் உண்மையான கணக்கின் மேலும் ஆணையத்துக்குச் சந்தேகம் வரும்.

வழக்கு நடக்கும்போது சமூக வலைதளத்தில் பெயர் போட்டு எழுதாதீர்கள். அவதூறு நோட்டீஸ் வந்தால், சமரசம் பேசும்போது உங்கள் கை தாழ்ந்துவிடும். சமரசத்துக்கு உடன்பட்டால் தொகை, தேதி, யார் எதைத் திரும்பப் பெறுவது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே புகாரை விலக்குங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. நுகர்வோர் புகார் பற்றிய கேள்விகளுக்கு 1915.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தால், அதே ஆணையத்தில் 71-ஆவது பிரிவின்படி நிறைவேற்று மனுவும், 72-ஆவது பிரிவின்படி தண்டனை மனுவும் போடுங்கள். பிந்தையதில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்கிய நாளிலிருந்தே கெடு தேதியைக் குறித்து வையுங்கள்.